கத்தரிப்பூ நிறத்தில் ஓர் இஞ்சின்

கிள்ளான்,
13 ஜனவரி 1985

தங்கை புஷ்பவல்லிக்கு அண்ணன் வேலாயுதம் எழுதுவது.

நாங்கள் இங்கே சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் அண்ணி சந்திரகலாவுக்குத்தான் சர்க்கரை கூடி, காலில் புண் வந்து, இப்போது மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. நீயும் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, இஞ்சினைத் தர மாட்டேன் என்று நீ குறுக்கே நின்றாய். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏழு வருடமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறேன். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால் பிரிக்பீல்ட்ஸே கூடி நின்று கேட்கும்.

விஷயம் இரண்டு. ஒன்று, சுபாங் ஜெயாவில் இரட்டை மாடி வீடு வாங்கியிருக்கிறேன். சித்திரையில் புதுமனை புகுகிறோம். முன்கூடத்தில் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லியிருக்கிறேன். அப்பா செய்த பித்தளை ரயில் இஞ்சினின் அளவைக் கொடுத்துத்தான் செய்யச் சொன்னேன்.

இரண்டு, உன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தங்கமணியை உன் அண்ணி பாசாரில் காய் வாங்கும்போது பார்த்தாளாம். நீ இஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறாய், பெயிண்ட் அடிக்கப் போகிறாய் என்று அவள் சொன்னாளாம். பித்தளைக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? குத்துவிளக்குக்கு அடிப்பாயா? அந்த இஞ்சின் என்றைக்கும் பளபளவென்றுதான் இருந்தது, அப்படியேதான் இருக்க வேண்டும். மகன் நான். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாக என்னிடம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

எங்கள் ஆபீஸ் டிரைவர் பக்கிரிசாமி மார்ச் மாதம் காடியோடு வருவார். நன்றாகத் துலக்கி, துணி சுற்றி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்,
21 ஜனவரி 1985

அண்ணனுக்குப் புஷ்பவல்லியின் வணக்கம்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பசியாறிவிட்டு பஸ் ஏறினால் பெட்டாலிங் ஜெயாவில் மின்விசிறிகளுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு மாலையில் வீடு வருகிறேன். இருபது வருடமாக அதே வேலை. அண்ணியின் புண்ணைக் காயவிடச் சொல்லுங்கள், ஈரம் ஆகாது. புது வீட்டுக்கு என் வாழ்த்து.

இஞ்சின் வராது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த மனிதர், கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, பதினொரு வருடம் உட்கார்ந்து செய்த இஞ்சின் அது. இரண்டரை அடி நீளம். கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் தானே நீராவி விட்டு ஓடும். மாதத்தின் முதல் ஞாயிறு நாம் குடியிருந்த குவார்ட்டர்ஸ் பின்னால் தண்டவாளம் போட்டு அப்பா ஓட்டுவார், ஊரே வந்து நிற்கும். உங்களுக்கு மறந்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டவா அவர் அதற்குச் சக்கரம் வைத்தார்?

என்றைக்கும் பளபளவென்று இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் ஓட்டுநர் கூண்டின் கூரையைக் கழற்றினேன். உள்பக்க மூலையில், புளியும் நாரும் போய்ச் சேராத இடத்தில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அடித்த பச்சை. தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது அந்த நிறத்தைக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பித்தளையில் பெயிண்ட் நிற்க வைக்க எனக்குத் தெரியும், அது என் பிழைப்பு.

இந்த வருடம் ஆயுத பூசைக்கு அது பச்சை நிறத்தில் ஓடும். பக்கிரிசாமியை வீணாக அலைய விடாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு.
புஷ்பவல்லி


கிள்ளான்,
5 பிப்ரவரி 1985

புஷ்பவல்லிக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

அண்ணன் என்ற மரியாதை இல்லாமல் எழுதியிருக்கிறாய். நான் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை செய்து கணக்கெழுதும் கிராணிகளுக்கெல்லாம் தலைமைக் கிராணியாக இருப்பவன். என்னிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

சரி, பெயிண்ட் இருந்தது. யார் இல்லை என்றது? அதை உரித்துப் போட்டது யார்? ஐம்பத்தொன்றாம் வருடம் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து, காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுப் புளியால் தேய்த்தவள் நீ. அதற்குப் பிறகு அப்பா அந்த இஞ்சினை ஒரு நாளும் ஓட்டவில்லை. விளக்குகூட ஏற்றவில்லை. அப்பன் மனசை உடைத்தவள் என்று எதிர்வீட்டு வீரம்மா அக்கா முதல் குவார்ட்டர்ஸ் முழுக்க உன்னைத்தான் சொன்னது. ஒரு தடவை கெடுத்தது போதாதா? இரண்டாவது தடவையும் உன் கையில்தான் சாக வேண்டுமா அது?

மறுபடி சொல்கிறேன். கை வைக்காதே. அப்படியே கொடுத்துவிடு.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்,
14 பிப்ரவரி 1985

அண்ணனுக்கு வணக்கம். நான் சுகம், கைகளும் சுகம்.

கைகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காஸ்டிக் சோடா கரைத்த சுடுநீரில் கைவிட்டுத் தேய்த்ததில் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, பத்து நாள் கரண்டியால் சாப்பிட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஆமாம், தேய்த்தது நான்தான். அதை யாரிடமும் நான் மறுத்ததில்லை.

ஆனால் அன்று காலை அடுப்படி வாசலில் நின்று நீங்கள் சொன்னது என் காதில் இருக்கிறது. "புஷ்பா, இஞ்சின் பெயிண்ட்ட எடுத்துட்டு பித்தளை தெரியத் தேய்க்கணுமாம். அப்பா சொன்னாரு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சிரு." காஸ்டிக் சோடா டின்னையும் நீங்கள்தான் கொண்டுவந்து வைத்தீர்கள்.

மாலையில் அப்பா வந்தார். கூடவே பட்டறை ஆட்கள் இரண்டு பேர். நான் கையில் துணி சுற்றிக்கொண்டு, நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று நின்றேன். அவர் இஞ்சினைப் பார்த்து, "யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "புஷ்பாதான்" என்றீர்கள். என்னைப் பார்த்துப் பேசாதே என்று தலையை ஆட்டினீர்கள். நாலு பேர் முன்னால் "நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்டால், சொன்னதை மறந்த மனிதர் ஆகிவிடுவாரே என்று அப்பாவுக்காக வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயைத் திறக்க முடியவே இல்லை. பிறகு எப்போது அந்தப் பேச்சை எடுக்கப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் திரும்பி வந்து ஒன்பது வருடம் அவருக்குச் சோறு போட்டேன். அப்போதும் அதே கதைதான். நான் தேய்த்த அந்த நாள்வரை ஸ்க்ரூ பிடி, விளக்கைப் பிடி என்று என்னைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு அதுவும் நின்றது.

இரண்டு கேள்வி கேட்கிறேன். நேராகப் பதில் சொல்லுங்கள். துலக்கச் சொன்னது உண்மையில் அப்பாவா? ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார்?

புஷ்பவல்லி


கிள்ளான்,
26 பிப்ரவரி 1985

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்கக் கடவுள் துணை. உன் கடிதம் கிடைத்தது.

புது வீட்டு வேலை மும்முரமாக நடக்கிறது. கூடத்துக்கு வெள்ளைத் தரைக்கல், சமையலறைக்கு இளம் பழுப்பு, மாடிக்குச் சாம்பல் நிறம். மழை வந்து சுவரைக் காயவிட மாட்டேன் என்கிறது. உன் அண்ணிக்கு டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பாகற்காய்ச் சாறும் குடிக்கிறாள்.

பக்கிரிசாமி வருகிற சனிக்கிழமை மதியம் உன் வீட்டுக்கு வருவார். நல்ல மனிதர். சாமான்களைப் பத்திரமாகக் கையாள்வார்.

வேறு விசேஷம் இல்லை.
வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்,
10 மார்ச் 1985

அண்ணனுக்கு வணக்கம். மழையில் நனைந்து இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது பரவாயில்லை. அண்ணிக்கு மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

மூன்று அறையின் தரைக்கல் நிறமும் தெரிந்துகொண்டேன். நான் கேட்டது அதை இல்லை.

பக்கிரிசாமி அண்ணன் வந்தார். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, பிஸ்டன் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு மணி ஆகிவிட்டது. "இத எடுத்துட்டுப் போகச் சொன்னாரு பாஸ், எனக்கு மனசு வரலங்க" என்றார். நானும் அவரைச் சங்கடப்படுத்தவில்லை. டீ குடித்துவிட்டு வெறும் காடியோடு போய்விட்டார். அவரைத் திட்டாதீர்கள், திட்டுவதென்றால் எனக்கு எழுதுங்கள்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்றும் சொல்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வரும். தொழிற்சாலையில் ஆயுத பூசைக்கு ஸ்ப்ரே துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். அந்தப் பழக்கத்தில், முதல் பூச்சு அடிக்குமுன் கொதிகலன் மேல் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். துடைத்துவிட்டுத்தான் அடித்தேன். இரண்டாம் நாள் பார்த்தால் மற்ற இடமெல்லாம் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, பொட்டு வைத்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கொப்பளித்து நிற்கிறது. விரல் பட்ட எண்ணெய்க்கே பித்தளையில் பெயிண்ட் பிடிக்காது என்று புதிதாக வரும் பெண்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். சந்தனத்தில் எண்ணெய் உண்டு என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. தங்கமணி விழுந்து விழுந்து சிரித்தாள். கொதிகலன் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

அந்த இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. வருடக் கணக்கானாலும் கேட்பேன்.

புஷ்பவல்லி


சுபாங் ஜெயா,
30 ஏப்ரல் 1985

பாசமுள்ள புஷ்பாவுக்கு அண்ணி சந்திரகலா எழுதுவது.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. என் கால் தேவலை, ஆனால் படியேற முடியவில்லை, கீழ் அறையில்தான் படுக்கை. உனக்கு ஜலதோஷம் என்று அவர் சொன்னார், நெஞ்சில் இறங்காமல் பார்த்துக்கொள். மிளகு ரசம் வை.

புதுமனை புகுந்தாகிவிட்டது. உனக்குப் பத்திரிகை அனுப்பினார், நீ வரவில்லை, வர மாட்டாய் என்று எனக்கும் தெரியும். கூடத்தில் அந்த அலமாரி வெறுமையாக நிற்கிறது. வந்தவர்கள் எல்லாம் இதில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் சொன்னார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ என்னதான் எழுதினாய்? உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார். பதில் எழுத உட்காருவார், நாலு வரி எழுதுவார், கிழிப்பார். என்னங்க என்றால் ஆபீஸ் விஷயம் என்பார். முப்பது வருடமாக இவரோடு வாழ்கிறேன், ஆபீஸ் கடிதத்தை இவர் ஒரு தடவைகூடக் கிழித்ததில்லை.

நீ என்ன கேட்டிருந்தாலும் விடாதே. அவர் வாயிலிருந்து அது வெளியே வந்தால்தான் நன்றாக இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் அண்ணி
சந்திரகலா


சுபாங் ஜெயா,
19 மே 1985

புஷ்பவல்லிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் முதல் கேள்விக்குப் பதில். அப்பா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அந்த வருடம் நான் துறைமுகத்தில் கிராணி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அப்போது துறைமுகமும் ரயில்வே கையில்தான் இருந்தது. ஆயுத பூசையன்று பட்டறைக்கு வெள்ளைக்காரத் துரை வருவார், அப்பாவின் இஞ்சினைப் பூசையில் வைப்பார்கள், துரை அதைப் பார்ப்பார் என்று தெரியும். தங்கம் மாதிரி மின்னினால் கேட்பார், கேட்டால் நான் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். அப்பாவிடம் கேட்டிருந்தால் விடமாட்டார். அதனால் அவர் பெயரைச் சொன்னேன். துரை பார்த்தார், கேட்டார், நான் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினேன். மறுவாரம் அவர் கொடுத்த சீட்டோடு போய் வேலையில் சேர்ந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இவ்வளவு பெரிதாக ஆகும் என்று தெரியாது.

சொல்லிவிட்டேன். பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்கிறேன் என்பதை நீ உணர வேண்டும். இனி அதைப் பச்சை அடித்தே கொடு, ஆட்சேபணை இல்லை. ஆனால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்,
28 மே 1985

அண்ணனுக்கு வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

முப்பத்து நாலு வருடம். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை எழவு வீட்டில், "இவதான் அந்தப் பொண்ணு" என்று காதுபடச் சொன்னார்கள் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள். உண்மையைச் சொன்னதற்கு விலையாக இஞ்சினைக் கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் பெரிய மனசு.

பச்சை அடித்து முடித்துவிட்டேன். மூன்று பூச்சு. ஒவ்வொன்றையும் தகரப் பெட்டியில் வைத்து இளஞ்சூட்டில் காயவைத்து, தேய்த்து, மறுபடி அடித்தது. கூரை மூலையில் இருந்த அப்பாவின் பச்சைக்கும் என்னுடையதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அவருக்கு நான் செய்த தப்பைச் சரி செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தப்பே என்னுடையது இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது கேள்வி பாக்கி. அதற்குப் பதில் இல்லாமல் எனக்கு எழுத வேண்டாம்.

புஷ்பவல்லி


சுபாங் ஜெயா,
7 ஜூலை 1985

அன்புள்ள புஷ்பா,

இதை எழுத எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்கிறது. உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, இன்றுதான் காப்பி கொடுத்தாள்.

பட்டறையில் அன்று துரை இஞ்சினைத் தொட்டுப் பார்த்தபோது, "உங்களுக்காக நான்தான் துலக்க வைத்தேன் சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். திரும்பினால் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அந்த அளவு இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்தேன், அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குப் புரியவில்லை போல என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சின துலக்கச் சொன்னது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நான் சொன்னா ஆம்பளப் பிள்ள உன் மானம் போயிரும்னுதான் வாயத் தொறக்கல. தங்கச்சிகிட்ட நீயே சொல்லிரு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. பதினாறாம் நாள் இஞ்சினுக்காக உன்னோடு சண்டை போட்டதுகூட, உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகத்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பெரிதாக எழுதினேனே, அதெல்லாம் வெறும் பேச்சு.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. இஞ்சினைக் கேட்கவில்லை.

உன் அண்ணன்
வேலாயுதம்


பிரிக்பீல்ட்ஸ்,
2 செப்டம்பர் 1985

அண்ணனுக்குப் புஷ்பவல்லி எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். எட்டு வாரமாக எழுதாததற்கு உடம்பு காரணமில்லை. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள், காப்பியை அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அது பழகிய கோபம், எப்படியோ சமாளித்துக்கொள்வேன். இந்த எட்டு வாரமும் நான் சண்டை போட்டது அப்பாவோடுதான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஊர் என்னைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, மகன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு மானம் இல்லையா? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட போதெல்லாம் கோபம் என்று நினைத்தேன். வெட்கப்பட்டிருக்கிறார். அதற்கு நான் என்ன செய்ய? படத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டே கேட்டேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்தப் பச்சையை உரித்தேன். மூன்று பூச்சையும். இந்தத் தடவை யாரும் சொல்லி இல்லை, கையுறை போட்டுக்கொண்டு, நானாக உரித்தேன். ஐந்து மாத வேலை ஒரு மதியத்தில் போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பிறகு என் இஷ்டப்படி ஒரு நிறம் அடித்தேன். கத்தரிப்பூ நிறம். ஏதோ ஹோட்டலுக்கு விசிறி செய்யக் கலக்கிய பெயிண்ட், ஹோட்டல்காரர் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் பெயிண்ட் பகுதிப் பெண்கள் எல்லோருக்கும் அந்த நிறத்தின் மேல் ஒரு கண். மானேஜரிடம் கேட்டு ஒரு டின் வாங்கி வந்தேன். சக்கர ஓரத்துக்கும் கொதிகலன் பட்டைகளுக்கும் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். கோடு போட மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒன்பது நாள் ஆனது. இஞ்சினைச் செய்தது அப்பா, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நிறம் என்னுடையது.

இரயில்வேயில் கொதிகலன் சோதித்து ஓய்வு பெற்ற விநாயகமூர்த்தி ஐயா வந்து, குளிர்ந்த நீரை அழுத்தி ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒழுக்கு இல்லை, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஆயுத பூசை வாரத்து ஞாயிறு, 20 அக்டோபர், காலை பத்து மணிக்கு ஓட்டுகிறேன். வீரம்மா அக்கா வருவார். பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் யாரெல்லாம் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் வாருங்கள். எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் வாயால் சொல்லுங்கள். தாளில் எழுதிய உண்மை எனக்குப் போதாது, என்னைப் பேசியவர்கள் வாயால்தான் பேசினார்கள். என் வாசலை மிதிக்க வேண்டாம், தண்டவாளம் பின்சந்தில்தான் போடுகிறேன். உங்கள் சபதத்துக்கு ஒரு குறையும் வராது.

வந்தால் வாருங்கள். வராவிட்டாலும் இஞ்சின் ஓடும்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்,
22 அக்டோபர் 1985

அன்பான அண்ணிக்குப் புஷ்பாவின் வணக்கம்.

உங்கள் கால் சரியாக இருந்திருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள். அவர் உங்களிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார், அதனால் நான் எழுதுகிறேன். எனக்குத் தோள் வலியைத் தவிர ஒன்றுமில்லை, தண்டவாளம் தூக்கியது.

என் கடிதத்துக்குப் பதில் வராததால் அவர் வரமாட்டார் என்றே இருந்தேன். பத்து மணிக்குச் சந்தில் முப்பது பேர் இருப்பார்கள். எங்கள் பெயிண்ட் பகுதிப் பெண்கள் எட்டுப் பேர் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். விளக்கு ஏற்றி இருபது நிமிடத்தில் நீராவி வந்தது. நெம்புகோலைத் தள்ளினேன். இரண்டு அடி போய், தண்டவாள இணைப்பில் முட்டி நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். விநாயகமூர்த்தி ஐயா குனிந்து சரி செய்தார். அடுத்த தடவை, அண்ணி, குபுகுபுவென்று போனது பாருங்கள், சந்தின் கடைசி வரை. நான் கூடவே ஓடினேன். ஐம்பது வயதில் கத்திக்கொண்டு ஓடினேன்.

அங்கே சந்து முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, ஆபீஸ் போகிற மாதிரி. எப்போது வந்தார் என்று தெரியாது. இஞ்சினைப் பார்த்தார்.

"எந்த ஊரு ரயில்ல இந்தக் கலர் இருக்கு?" என்றார்.

"இந்த ஊரு ரயில்ல" என்றேன்.

அப்புறம் கூட்டத்தைக் காட்டி, "சொல்லுங்கண்ணே" என்றேன். உங்கள் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. சொல்லாமல் திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கும் பயம். மெல்ல நடந்து வீரம்மா அக்கா நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வீரம்மா அக்கா, "என்னா? சத்தமா சொல்லு லா, எனக்குக் காது கேக்காது" என்றார்.

அவர் நிமிர்ந்தார். "அந்த வருஷம் இஞ்சின் பெயிண்ட்ட எடுக்கச் சொன்னது நான்தான். அப்பா சொன்னாருன்னு பொய் சொன்னேன். புஷ்பா மேல ஒரு தப்பும் இல்ல. அப்பாவுக்கும் தெரியும்." சந்து முழுக்கக் கேட்டது. சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வீரம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷம் உன்னயச் சொன்னேனே புஷ்பா" என்று அழுதார். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. "ஆமாக்கா, சொன்னீங்க" என்றேன். ஏனென்றால் பரவாயில்லாமல் இல்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு தடவை ஓட்டலாம் என்று சொன்னேன். பெண்கள் எட்டுப் பேரும் போய் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் என் பக்கத்தில் வந்து, சின்னக் குரலில், "நானும் ஒரு தடவ ஓட்டலாமா?" என்று கேட்டார். முப்பத்து நாலு வருடம் ஆபீஸில் மற்றவர்களை நிற்க வைத்தவர்.

"வரிசை அங்க இருக்குண்ணே" என்றேன்.

போய் நின்றார், அண்ணி. தங்கமணிக்குப் பின்னால், ஒன்பதாவது ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு. தங்கமணி ஓட்டி முடிப்பதற்குள் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. வேறு புட்டி உள்ளே இருந்தது, நான் எடுக்கப் போகவில்லை. இனி மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் ஓடும். அவரை அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பி வந்து நிற்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.
புஷ்பவல்லி